தம்பிக்குக் கிட்னி கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மஞ்சளும் கரும்பும் போடுகிறோம், நாலு மாடு இருக்கிறது. என் தம்பிக்கு 37. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடெல்லாம் போய் போர்வெல் போட்டவன். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது, காரணம் தெரியவில்லை என்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக ஈரோட்டில் வாரம் இரண்டு டயாலிசிஸ் நடக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. தம்பி மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. திருப்பூரில் இருக்கும் அண்ணன், "நான் சம்பாதிக்கிறவன், எனக்கும் குடும்பம் இருக்குது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் தம்பிக்கும் ஒரே ரத்த வகை, பொருந்திவிட்டது என்கிறார்கள். அவன் கல்யாணத்தில் அக்காவாக நின்று இணைச்சீர்ச் சடங்கு செய்தவள் நான். கொடுக்க மனசு இருக்கிறது, பயமும் இருக்கிறது. மாமியார், "எங்க வீட்டுக்கு வந்தவளை வெட்டிக் கொடுக்கறதா" என்கிறார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. தம்பியும் வேண்டவே வேண்டாம் என்கிறான். பணம் கொடுத்தால் ஆள் கிடைக்கும் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்கிறார். கொடுத்தால் நான் தோட்ட வேலை பார்க்க முடியுமா? கொடுக்காவிட்டால் அவன் என்ன ஆவான்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளையெல்லாம் அதுதான் ஆட்டிவைக்கிறது.

நீங்கள் கொடுக்காவிட்டால் உங்கள் தம்பிக்கு நாளைக்கே ஒன்றும் ஆகிவிடாது. டயாலிசிஸ் ஒழுங்காகச் செய்துகொண்டு பத்து, பதினைந்து ஆண்டு இருப்பவர்களை நான் பார்த்து வருகிறேன். அவர்களில் கடை நடத்துபவர்களும் பிள்ளைக்குக் கல்யாணம் முடித்தவர்களும் உண்டு. 37 வயதில் மாற்று சிறுநீரகம் டயாலிசிஸைவிட நல்லதுதான். ஆயுளும் கூடும், உடம்பில் தெம்பும் வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "கொடுத்தால் நல்லது" என்பது வேறு, "கொடுக்காவிட்டால் செத்துப்போவான்" என்பது வேறு. உங்கள் காதில் இரண்டாவதைத்தான் சுற்றியிருப்பவர்கள் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தோடு இந்த முடிவை எடுக்காதீர்கள்.

அதற்கு முதலில் தம்பியின் டயாலிசிஸைச் சரிப்படுத்த வேண்டும். வாரம் இரண்டு தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் ஓரளவு போகிறவர்களுக்கு ஆரம்பத்தில் அது தாங்கும். ஒரு வருடம் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர் குறைந்துவிடும், அப்போது வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் தேவைப்படும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். போய் வர ஒரு நாள் கெடுகிறதே என்று மூன்றாவதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நிறைய. தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் விழும் நீண்ட இடைவெளிதான் இதயத்துக்கு ஆபத்தான நேரம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தபந்தம் எல்லாரும் இளநீர் வாங்கிக்கொண்டு வருவார்கள். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிக அதிகம், கிட்னி வேலை செய்யாதவருக்கு அது வெளியே போக வழியில்லை. ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். ஞாயிற்றுக்கிழமை விருந்து, கூட இரண்டு இளநீர், திங்கட்கிழமை காலையில் கால் துவண்டு நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஈ.சி.ஜி. எடுத்தால் கோடு அகலமாக விரிந்து கிடக்கும். வாழைப்பழம், கீரைச்சாறு, நிலக்கடலை, தக்காளி தூக்கலாகப் போட்ட குழம்பு எல்லாம் இதே கணக்குதான். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். பிரஷருக்கு நல்லது என்று "சோடியம் குறைந்த உப்பு" விற்கிறார்களே, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் இருக்கிறது. அதை வீட்டுக்குள்ளேயே விட வேண்டாம்.

தண்ணீர் விஷயம் உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்கும். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அவ்வளவு, அதற்கு மேல் அரை லிட்டர். ரசம், மோர், கம்பங்கூழ், காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். அதை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால் யாராலும் முடியாது.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது) போட்டிருக்கிறார்களா, இல்லை கழுத்தில் குழாயா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகும் கழுத்துக் குழாயிலேயே ஓடிக்கொண்டிருந்தால் உடனே ஃபிஸ்டுலா பற்றிக் கேளுங்கள். குழாய் வழியாக நோய்த்தொற்று ரத்தத்தில் ஏறுவது சாதாரணமாக நடக்கிறது. ஃபிஸ்டுலா போட்டாலும் அது தடித்து ஊசி தாங்க ஆறு வாரமாவது ஆகும். போட்டபின் அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. தினமும் காலையில் அதன்மேல் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தோலுக்கடியில் கிர்ரென்று ஒரு அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ரத்தம் ஏற்றச் சொன்னால், வேறு வழி உண்டா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டால், பிறகு யாருடைய கிட்னியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரும்புச்சத்து ஊசி, ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்டின் ஊசி இரண்டையும் முறையாகப் போட்டாலே பெரும்பாலும் ஹீமோகுளோபின் ஏறும்.

சரி, இனி உங்களைப் பற்றி.

"பொருந்திவிட்டது" என்று சொன்னார்களே, பொருந்தியிருப்பது ரத்த வகை மட்டும்தான். இன்னும் நிறைய இருக்கிறது. திசுப் பொருத்தம் பார்ப்பார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் அது முழுதாகச் சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பாதி சேர நாலில் இரண்டு பங்கு, துளியும் சேராமல் போக நாலில் ஒரு பங்கு. சேராவிட்டாலும் இப்போதுள்ள மருந்துகளால் செய்துவிடலாம். அதைவிட முக்கியம் கிராஸ்மேட்ச். உங்கள் செல்களைத் தம்பியின் ரத்தம் தாக்குகிறதா என்று அதில் தெரியும். அப்புறம் உங்கள் உடம்பு முழுவதையும் பார்ப்பார்கள். சர்க்கரை, பிரஷர், சிறுநீரில் புரதம், இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒரு ஸ்கேன், ரத்தக்குழாய்களைப் பார்க்க ஒரு சி.டி., இதயம், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனை, மனநல ஆலோசகரிடம் ஒரு பேச்சு.

உங்கள் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தம்பிக்கு நோய் வந்த காரணம் தெரியவில்லை. ரிக் வேலையில் வெயில், தண்ணீர் குடிக்காமை, உடம்பு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்ட மாத்திரை, பார்க்காமல் விட்ட பிரஷர் என்று எதுவும் இருக்கலாம். குடும்பத்தில் இறங்கி வரும் நோயாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அவருக்கு 37-ல் வந்தது உங்களுக்கு 50-ல் வரக்கூடும். அதனால் உங்களைச் சாதாரணக் கொடையாளரைவிடக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையும். அப்பா, பெரியப்பா, அப்பச்சி வழியில் யாருக்காவது கிட்னிக் கோளாறு, இளவயதில் காது கேளாமை, சிறுநீரில் ரத்தம் என்று இருந்ததா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் டாக்டருக்கு ரொம்பப் பயன்படும். உங்கள் பரிசோதனையில் ஏதாவது இடித்தால், கொடுக்க மனசு எவ்வளவு இருந்தாலும் கொடுக்கக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பேர் டயாலிசிஸுக்கு வருவதை எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் சரியாக இருந்து கொடுத்தீர்கள் என்றால் என்ன நடக்கும்? இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில்தான் எடுக்கிறார்கள். சிறு துளைகள், கிட்னியை வெளியே எடுக்க அடிவயிற்றில் சிசேரியன் மாதிரி ஒரு வெட்டு. வழக்கமாக இடது பக்கக் கிட்னி. மூன்று முதல் ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயுவால் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். வெட்டியது வயிற்றில், தோள் ஏன் வலிக்கிறது என்று பலரும் பயந்துவிடுகிறார்கள், பயப்பட வேண்டாம். இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெறுகிறவர் இரண்டே நாளில் முகம் தெளிந்து எழுந்து உட்காருவார், கொடுத்தவர்தான் வலியோடு படுத்திருப்பார். பார்க்க வருகிறவர்களும் பெற்றவரைத்தான் சுற்றி நிற்பார்கள். சில வாரங்களுக்கு மனசு சோர்வது பல கொடையாளர்களுக்கு நடக்கிறது. அப்போது பக்கத்தில் உங்களுக்கென்று ஒருவர் வேண்டும், தம்பிக்கு அல்ல.

தோட்ட வேலையைக் கேட்டீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், தீவன மூட்டை, சோளத்தட்டுக் கட்டு எதுவும் வேண்டாம். அதற்குள் தூக்கினால் வெட்டிய இடத்தில் குடலிறக்கம் வரலாம். பால் கறப்பதையும் அதுவரை வேறு யாராவது பார்க்கட்டும். மாடு ஒரு உதை விட்டால் அந்தத் தழும்பு தாங்காது. ஆறியபின் நீங்கள் இப்போது செய்கிற எல்லா வேலையும் செய்யலாம். பத்தியச் சாப்பாடு கிடையாது, தாம்பத்தியத்துக்குத் தடை கிடையாது, மாதவிலக்கில் மாற்றம் கிடையாது. அறுவையை எந்த மாதம் வைப்பது என்பதில் உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. மஞ்சள் வெட்டி வேகவைக்கிற தை, மாசியில் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் சும்மா உட்கார யாரும் விடமாட்டார்கள், நீங்களும் உட்கார மாட்டீர்கள்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். அறுவையின்போது கொடையாளர் இறப்பது 10,000 பேரில் சுமார் மூன்று பேர். பிறகு, மீதி இருக்கிற ஒரு கிட்னி கொஞ்சம் பெரிதாகி, பழைய இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்யும். அது ஆயுசுக்கும் போதும். ஆனாலும் 2014-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு 31 பேருக்கு அடுத்த 15 ஆண்டுகளில் சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் நாலு பேருக்குத்தான் வந்தது. சிறிய எண்தான், ஆனால் கூடியிருக்கிறது. கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கொடுத்தபின் வருடம் ஒருமுறை பிரஷர், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையைத் தொடவே கூடாது. தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் கடைப்பிடிக்கக் கஷ்டமானது.

தம்பிக்கும் இது ஒரேயடியான தீர்வு என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பு புதுக் கிட்னியை ஒதுக்கிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளை மணி தவறாமல் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். முதல் சில மாதம் நோய்த்தொற்றுப் பயம் அதிகம், திரும்பவும் ரிக் வண்டி, வெயில் என்று போக முடியாது. உயிரோடிருப்பவர் தந்த கிட்னி சராசரியாகப் பதினைந்து ஆண்டு அளவில் வேலை செய்கிறது, சிலருக்கு இருபதைத் தாண்டும், சிலருக்கு முதல் வருடத்திலேயே போய்விடும். அப்படிப் போனால் அது அவர் தப்பும் அல்ல, உங்கள் தப்பும் அல்ல என்பதை இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. பிந்தைய மருந்துச் செலவு எத்தனை காலத்துக்குக் கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டுப் பக்கம் வருகிறேன். சட்டப்படி நீங்கள் நெருங்கிய உறவினர். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கணவரின் சம்மதம் இருந்தால்தான் மனைவி கொடுக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கொடுக்க முன்வந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022-ல் தில்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. கொடுப்பவர் பெண் என்றால் அவருடைய சம்மதம் சொந்தச் சம்மதம்தானா என்று கூடுதலாக உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் எந்த ஆஸ்பத்திரியும் கணவரைக் கூப்பிட்டுப் பேசாமல் செய்யாது, அதுதான் நல்லதும்கூட. உங்கள் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனைவிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தை வெளியில் சொல்லத் தெரியாத ஆண்கள் அதிகம். அவரைத் தம்பியின் டாக்டரிடம் அல்லாமல் உங்களைப் பரிசோதிக்கும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் கேட்க நினைப்பதெல்லாம் உங்களைப் பற்றித்தான் இருக்கும். மாமியாரும் வந்தால் வரட்டும்.

அண்ணனைப் பற்றி நான் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் உயிரோடிருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பகுதி ஆண்கள். அம்மா, மனைவி, அக்கா என்றுதான் வரிசை போகிறது. "நான் சம்பாதிக்கிறவன்" என்று உங்கள் அண்ணன் சொன்னதை வீட்டில் எல்லாரும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். நாலு மாடும் மஞ்சள் காடும் பார்க்கிற நீங்கள் சம்பாதிக்கவில்லையா? அவரை வற்புறுத்தச் சொல்லவில்லை, அவர் மறுப்பது அவர் உரிமை. அதே உரிமை அதே அளவுக்கு உங்களுக்கும் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் இருவரையும் விட்டால் வழியே இல்லை என்பதும் சரியல்ல. தம்பி மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை என்பதோடு நிறுத்திவிட்டார்கள். இதே நிலையில் இருக்கும் இன்னொரு தம்பதியோடு கிட்னியைப் பரிமாறிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ரத்த வகை சேராமலேயே செய்யும் மாற்று அறுவையும் உண்டு, செலவுதான் கூடும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பெயர் பதிய வேண்டும். அனுமதி பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால்தான், நீங்கள் கொடுப்பதாக இருந்தாலும் கொடுக்காததாக இருந்தாலும் அந்தப் பதிவை இந்த மாதமே செய்துவிடுங்கள்.

பணத்துக்கு ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்ன உறவினரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பள்ளிபாளையத்தில் கடனில் தத்தளித்த விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கியது 2025-ல் வெளியே வந்ததை நாமெல்லாம் படித்தோம். அந்தத் தறிக்காரர்கள் நம் பக்கத்து ஊர் மனிதர்கள். வட்டி கட்ட உடம்பை விற்றவர்கள், அதற்குப் பிறகு அவர்களை யாரும் செக்கப்புக்குக் கூப்பிடவில்லை. இந்தக் குற்றத்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். வாங்குகிறவருக்கும் அது பொருந்தும்.

தம்பி வேண்டாம் என்கிறாரே, அது உங்கள் மேல் உள்ள பாசத்தால் வருவது. அதற்காக அவர் சொல்லை அலட்சியம் செய்ய வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அவர் மனசு இல்லாமல் வாங்கிய கிட்னிக்கு மருந்து தவறவிடுவார். உங்களைப் பற்றிய ரிப்போர்ட் கையில் இருக்கும்போது ஒருமுறை பேசிப் பாருங்கள்.

பரிசோதனைக்குப் போவது சம்மதம் சொன்னதாக ஆகாது. மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். குடும்பத்தில் முகம் கொடுத்துச் சொல்ல முடியாவிட்டால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். "இவர் கொடையாளராக ஏற்றவர் இல்லை" என்று மட்டும் வெளியே சொல்வோம், காரணம் யாருக்கும் போகாது.

இந்த வாரம் கோபியிலேயே சர்க்கரை, பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், வயிற்று அல்ட்ராசவுண்ட் இவ்வளவும் உங்கள் பேரில் பார்த்துவிடுங்கள். பெரிய செலவு ஆகாது. அதோடு தம்பியின் அடுத்த டயாலிசிஸ் அன்று கூடப் போய், வாரம் மூன்று தடவையாக மாற்ற வேண்டுமா என்றும், டிரான்ஸ்டான் பதிவு எங்கே செய்வது என்றும் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.